குழந்தைகள் பாலியல் கடத்தல் தடுப்புப் பயிற்சி: அங்கே என்னதான் கற்றுத்தருகிறார்கள்?

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போய்க்கொண்டிருந்தது. வழியில் வண்டியை நிறுத்தி, அங்கே நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம் அது. ஊர் திரண்டு அடித்ததில் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி உயிரிழந்தார்.

அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. குழந்தைகள்மீது அக்கறை இருந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. ஆபத்து எப்படி இருக்கும் என்று தெரியாத அக்கறை தவறான ஆளை அடிக்கிறது. உண்மையான ஆபத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறது.

ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், காவலர், செவிலியர், விடுதி மேலாளர், தன்னார்வலர் என்று பலருக்கும் இப்போது இதற்கான பயிற்சிகள் நடக்கின்றன. "அங்கே போய் என்ன செய்வீர்கள், கதவை உடைத்து மீட்கச் சொல்லித்தருவார்களா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு அடிப்படையிலிருந்து பதில் சொல்வதே இந்தக் கட்டுரை.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழில் "கடத்தல்" என்ற ஒரே சொல்லைப் பல குற்றங்களுக்குப் பயன்படுத்துகிறோம். தங்கக் கடத்தல், மணல் கடத்தல், பணம் கேட்டு ஆளைக் கடத்துவது எல்லாமே கடத்தல்தான். அதனால் குழந்தைக் கடத்தல் என்றதும் வேனில் வாயைப் பொத்தித் தூக்கிப்போடும் காட்சி மனத்தில் வந்து நிற்கிறது. அப்படி நடப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் இங்கே பேசும் குற்றத்துக்குத் தூக்கிப்போட வேண்டிய தேவையே இல்லை. பெரும்பாலும் குழந்தை தானாக நடந்து போய் வண்டியில் ஏறுகிறது. சில நேரம் பெற்றவர்களே வழியனுப்பி வைக்கிறார்கள்.

ஆள்கடத்தல் என்றால் என்ன என்பதற்கு ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டில் ஒரு நெறிமுறை வகுத்தது. இந்தியா அதை 2011இல் ஏற்று உறுதிசெய்தது. அந்த வரையறையை அடுப்புக்கு மூன்று கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கல் செயல்: ஆளைச் சேர்ப்பது, கொண்டுபோவது, தங்கவைப்பது, கைமாற்றுவது. இரண்டாவது கல் வழி: மிரட்டல், ஏமாற்று, பணம், அதிகாரம், இயலாமையைப் பயன்படுத்துவது. மூன்றாவது கல் நோக்கம்: சுரண்டல். அந்தச் சுரண்டல் பாலியல் தொழிலாகவோ படம் எடுத்து விற்பதாகவோ இருந்தால் அது பாலியல் கடத்தல்.

வயது வந்தவர் விஷயத்தில் மூன்று கல்லும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் இந்த வரையறை இரண்டாவது கல்லைத் தேடுவதே இல்லை. ஏமாற்றினார்களா, மிரட்டினார்களா என்ற கேள்வி எழவே எழாது. குழந்தையைச் சுரண்டலுக்காகச் சேர்த்தாலே கடத்தல். இந்தியாவிலும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பது பொருட்டே அல்ல என்கிறது. கடத்தப்பட்டவர் குழந்தை என்றால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லை தாண்ட வேண்டும், ஊர் தாண்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொந்த ஊரில், சொந்தத் தெருவில், கையில் இருக்கும் போன் வழியாகவே ஒரு குழந்தை இந்தக் குற்றத்துக்குள் இழுக்கப்படலாம். சிறுவர்களும் இழுக்கப்படுகிறார்கள். போக்சோ சட்டம், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், ஆண், பெண் என்ற பேதம் பார்ப்பதில்லை.

ஆக, வேனையும் முகமூடியையும் மனத்திலிருந்து அழித்துவிட்டு, "இந்தக் குழந்தையை வைத்து யார் ஆதாயம் பார்க்கிறார்கள்?" என்ற கேள்வியை அந்த இடத்தில் வைத்துக்கொண்டால் போதும். பயிற்சியின் முதல் மணிநேரம் இதற்கே போய்விடும்.

தூண்டில்காரனின் பொறுமை

குளக்கரையில் தூண்டில் போடுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். அவன் மீனைத் துரத்துவதில்லை. எந்த மடையில் எந்த நேரத்தில் மீன் வரும் என்று தெரிந்து வைத்திருக்கிறான். இரையைப் போடுகிறான், தக்கை ஆடும்வரை காத்திருக்கிறான், முதல் ஆட்டத்திலேயே இழுப்பதுமில்லை.

குழந்தையின் நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதித்துப் பிறகு அதையே கயிறாக்கிக் கட்டுவதை வசப்படுத்துதல் என்கிறார்கள். அப்பாவின் குடி, அம்மாவின் நோய், தேர்வில் தோல்வி, வீட்டில் பேச ஆளில்லாத தனிமை என்று எங்கே குறை இருக்கிறதோ அங்கேதான் இரை விழும். நகரத்தில் வேலை, வரதட்சணை கேட்காத மாப்பிள்ளை, சினிமா வாய்ப்பு, விளையாட்டுச் செயலியில் அறிமுகமான அன்பான அண்ணன் என்று அதற்குப் பல உருவங்கள். பிறகு ஒரு ரகசியம் உருவாகும். "இதை வீட்டில் சொல்லாதே" என்ற வாக்கியம் வந்து சேரும். அதற்குப் பிறகு கடன், அல்லது ஒரு புகைப்படம். "சொன்னால் ஊருக்கே அனுப்பிவிடுவேன்." "உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்."

இந்த இடத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் "ஏன் ஓடி வரவில்லை, ஏன் கத்தவில்லை?" என்று கேட்கிறார்கள். கட்டியிருப்பது கையை அல்ல, வாயை. குழந்தைக்குக் கொடுமை செய்கிறவனும், சாப்பாடும் புதுத் துணியும் அன்பான சொல்லும் கொடுக்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால், அவனை விட்டுக்கொடுக்க அந்தக் குழந்தைக்கு மனம் வராது. "நானாகத்தான் வந்தேன்", "இவர் என் மாமா", "எனக்குப் பத்தொன்பது வயது" என்று அந்தப் பிள்ளையே சொல்லும். சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது, அல்லது பயத்தைச் சொல்கிறது. அதைப் பொய் என்று எரிச்சல் படாமல் கேட்டுக்கொள்வதற்கே பெரியவர்களுக்குப் பயிற்சி வேண்டியிருக்கிறது.

பாம்புக்கடியும் பயிற்சியும்

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டு, பிளேடால் கீறு, வாயால் உறிஞ்சித் துப்பு என்று நம் ஊரில் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். எல்லாம் உயிரைக் காப்பாற்றும் எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் இறுக்கிக் கட்டியதால் கால் அழுகியவர்கள் உண்டு. இன்றைய முதலுதவிப் பயிற்சி என்ன சொல்கிறது? கட்டாதே, கீறாதே, கடிபட்டவரை அசையவிடாதே, விஷமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோ. செய்யாதே என்பவைதான் அதிகம்.

குழந்தைகள் பாலியல் கடத்தலுக்கு எதிரான பயிற்சியும் அப்படித்தான். தன்னார்வலரை மீட்பராக்குவது அதன் நோக்கமே அல்ல. பார்க்கவும், குழந்தையைக் கலைக்காமல் பேசவும், சரியான இடத்தில் சொல்லவும் பழக்குவதே நோக்கம். நாமே போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் அடுத்த அரைமணியில் பிள்ளைகள் வேறு ஊருக்கு மாற்றப்படுவார்கள், போன்கள் உடைக்கப்படும், மாட்டுகிறவன் கடைசிக் கையாள் மட்டுமாக இருப்பான். சந்தேகப்பட்ட ஆளோடு நட்பாகப் பேசி மடக்கிவிடலாம் என்று துப்பறியப் புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் பயிற்சியில் கண்டிப்பாகத் தடுப்பார்கள்.

ஒரு அறிகுறி போதாது

காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் டெங்கு இல்லை. ஆனால் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடலில் தடிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். குறிகள் சேர்ந்து வருகின்றனவா என்பதைத்தான் இங்கேயும் பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு ரயில். பதினான்கு வயது மதிக்கத்தக்க சிறுமி, கூடவே நடுத்தர வயதுப் பெண் ஒருவர். எந்த ஊருக்குப் போகிறாய் என்று எதிரே இருக்கும் அம்மாள் இயல்பாகக் கேட்கிறார். சிறுமி வாய் திறப்பதற்குள் கூட வந்தவர் பதில் சொல்கிறார். இது மட்டும் என்றால் ஒன்றுமில்லை. வெட்கப்படும் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பேசுவது நம் வழக்கம். ஆனால் போகும் ஊரின் பெயரே சிறுமிக்குத் தெரியவில்லை, கூட வருகிறவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்று தடுமாறுகிறாள், அவளுடைய போனும் அடையாள அட்டையும் அவரிடம்தான் இருக்கின்றன, கழிவறைக்குப் போனாலும் பின்னாலேயே போகிறார் என்றால், நான்கும் சேரும்போது ஒரு போன் செய்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஆசிரியருக்கு வேறு குறிகள் தெரியும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வராமல் போவது, வீட்டு நிலைமைக்குப் பொருந்தாத விலை உயர்ந்த போன், அதை யார் கொடுத்தது என்று கேட்டால் மௌனம், வகுப்பில் தூக்கம். அங்கன்வாடி ஊழியருக்கும் கிராம செவிலியருக்கும் ஊரில் யார் வீட்டுக்குப் புதிய தரகர் வந்துபோகிறார் என்பது மற்ற எவரையும்விட முன்னதாகத் தெரிந்துவிடும். ஊராட்சித் தலைவரின் கீழ் இயங்கும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் இவர்களைச் சேர்த்திருப்பதற்குக் காரணமும் அதுதான்.

குறிகள் எவையாக இருந்தாலும் அவை கேள்விதான், தீர்ப்பு ஆகிவிடாது. நிறத்தையும் மொழியையும் கிழிந்த சட்டையையும் பார்த்துச் சந்தேகப்படுகிறவர் போளூரில் திரண்ட கூட்டத்திலிருந்து அதிக தூரத்தில் இல்லை. சந்தேகத்தைச் சரிபார்ப்பது பயிற்சி பெற்ற அதிகாரியின் வேலை. படம் எடுத்துப் பகிர்வது யாருடைய வேலையும் அல்ல. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி என எந்த அடையாளத்தை வெளியிட்டாலும் அதுவே தனிக் குற்றம்.

கோலத்தின்மேல் நடக்காமல் பேசுவது

வாசலில் போட்ட மாவுக்கோலத்தின்மேல் நாலு பேர் நடந்துவிட்டால், எந்தப் புள்ளியிலிருந்து எந்தக் கோடு போனது என்று பிறகு சொல்ல முடியாது. குழந்தையின் நினைவும் அப்படித்தான். "அந்த மாமா உன்னைத் தொட்டாரா? இங்கேயா? எத்தனை தடவை?" என்று நல்லெண்ணத்தில் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு காலடி. குழந்தை கேட்பவரின் முகத்தைப் பார்த்து, எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லத் தொடங்கிவிடும். நாளை நீதிமன்றத்தில், இதெல்லாம் சொல்லிக்கொடுத்த வாக்குமூலம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவதற்கு அதுவே போதும்.

ஆகவே தன்னார்வலர் விசாரிப்பதில்லை. குழந்தையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார். "நீ சொன்னது நல்லது. இதில் உன் தவறு எதுவும் இல்லை. உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் இதைச் சொல்லப்போகிறேன்." இவ்வளவுதான் பேச்சு. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது, ஏனென்றால் சொல்லியே ஆக வேண்டும். பொய்ச் சத்தியம் செய்யும் பெரியவர் ஒருவரை அந்தக் குழந்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. கேட்டு முடித்ததும் குழந்தையின் சொற்களை அப்படியே, நம் சொற்களாக மாற்றாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதி வைக்க வேண்டும்.

இங்கே உளக்காயம் என்ற சொல்லைப் பயிற்சியாளர்கள் அடிக்கடி பயன்படுத்துவார்கள். தாங்க முடியாத பயம் அல்லது கொடுமை மனத்திலும் உடலிலும் விட்டுச்செல்லும் புண் என்று பொருள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. சீருடையைப் பார்த்து ஒளிவது, கேள்விக்குச் சிரிப்பது, நிகழ்ச்சிகளை முன்பின்னாகச் சொல்வது, கோபத்தில் தட்டைத் தூக்கி எறிவது எல்லாம் அந்தப் புண் பேசும் பேச்சு.

இதுவரை வந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால்: குறிகள் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும், துருவாமல் கேட்க வேண்டும், தாமதிக்காமல் சொல்ல வேண்டும். யாரிடம் என்பது அடுத்தது.

சொல்வது கடமை

1098. நாடு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லாத குழந்தைகள் உதவி எண். கண்ணெதிரே ஆபத்து என்றால் 112. ரயில் பயணத்தில் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமும் சொல்லலாம். பெரிய நிலையங்களில் குழந்தைகள் உதவி மையங்கள் இருக்கின்றன. சொல்லும்போது நாம் கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்ல வேண்டும். பெட்டி எண், இருக்கை எண், உடையின் நிறம், வண்டி எண், நேரம். ஊகத்தைச் சேர்க்க வேண்டாம்.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு இதைக் கட்டாயக் கடமையாக்குகிறது. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பவர்களுக்கு இந்தப் பிரிவைப் பயிற்சியில் அழுத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும் என்பேன். மறுபக்கம், நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது அதற்காக வழக்குத் தொடுக்க முடியாது என்று 19ஆம் பிரிவே பாதுகாப்புத் தருகிறது. பயத்தில் சும்மா இருந்துவிடுகிறவர்களுக்கு இது முதலில் தெரிய வேண்டும்.

தொழிலாகச் செய்பவர்களுக்கு

தன்னார்வலர் கொடுத்த தகவல் காவலர், மருத்துவர், நீதிபதி எனக் கைமாறிப் போகிறது. ஒவ்வொரு கையும் குழந்தையை மறுபடி காயப்படுத்தக்கூடியது. அதனால் இவர்களுக்கான பயிற்சி நீளமானது.

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சட்டத்தில் இவ்வளவும் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதைக் கைப்பழக்கமாக்குவதுதான் பயிற்சி. தரகர்கள் ஆவணங்களில் வயதைக் கூட்டி வைப்பதால், வயதை எப்படி உறுதிசெய்வது என்பதும் பாடம்: முதலில் பள்ளிச் சான்று, இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை.

அவசர சிகிச்சைக்கு வந்த குழந்தையிடம் காவல்துறைக் கடிதம் எங்கே என்று மருத்துவமனை கேட்கக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். இரு விரல் பரிசோதனை என்ற இழிவான வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2022இல் மீண்டும் வன்மையாகக் கண்டித்தது. அதைப் பரிந்துரைக்கும் பகுதிகள் இல்லாதவாறு மருத்துவப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்யவும், மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிலரங்குகள் நடத்தவும் உத்தரவிட்டது. சட்டம் மாறினால் போதாது, கை பழகிய வேலையும் மாற வேண்டும் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டதாக இதை நான் பார்க்கிறேன்.

விடுதி ஊழியருக்குப் பாடம் சின்னது. பெரியவரோடு குழந்தை வந்தால் இருவரின் அடையாள ஆவணத்தையும் பார், உறவு என்ன என்று பதிவு செய், பொருந்தவில்லை என்றால் மேலாளரிடம் சொல். ஆனால் மேலாளருக்கு வருமானம் போய்விடும் என்ற கவலை இருந்தால் ஊழியருக்கு எத்தனை பயிற்சி கொடுத்தும் பயனில்லை. அவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு வருகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். குழந்தைகளை நெருங்க வாய்ப்புத் தரும் இடங்களைத் தேடித்தான் தவறானவர்களும் வருவார்கள். குழந்தைகளோடு பழகும் ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. உங்களிடம் அந்தச் சான்றைக் கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காத அமைப்பிடம்தான் சந்தேகப்பட வேண்டும்.

மீட்ட பிறகு

செய்தித்தாளில் "சிறுமி மீட்பு" என்று வந்ததும் நமக்குக் கதை முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு அங்கேதான் தொடங்குகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையைக் கொண்டுவர வேண்டும். மாவட்ட அளவில் இயங்கும் அந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். குழந்தை எங்கே தங்குவது, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுடையது. அனுப்பிவைத்தவர்களே வீட்டில் இருக்கிறார்கள் என்றால், வீட்டுக்கு அனுப்புவது மறுபடி தூண்டிலில் கோர்ப்பதற்குச் சமம். ஆகவே வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத ஒருவர் வேண்டும். பள்ளியில் மீண்டும் சேர்த்தபின் அங்கே ஏச்சுப் பேச்சு இல்லாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். கதவை உடைக்க ஆசைப்படும் தன்னார்வலர்கள் எவ்வளவு பேர் வந்தாலும், மாதம் ஒருமுறை போய் "சாப்பிட்டாயா, கணக்கு எப்படிப் போகிறது?" என்று கேட்க ஆள் குறைவு.

இந்த இடத்துக்காகவே சட்டம் ஆதரவு நபர் என்ற ஒருவரைத் தருகிறது. குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை குழந்தையின் பக்கத்தில் நிற்பதற்காக நலக் குழு நியமிக்கும் ஆள் அவர். இழப்பீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது, அடுத்த விசாரணை எந்தத் தேதி, நீதிமன்ற அறை எப்படி இருக்கும் என்று குழந்தைக்குப் புரியும்படி சொல்வது அவர் வேலை. முதல் நாள் சாட்சி சொல்லப் போகும்போது குழந்தை கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "அவன் அங்கே இருப்பானா?"

இருப்பான். ஆனால் நீ அவனைப் பார்க்க வேண்டியதில்லை, நடுவில் திரை இருக்கும், அல்லது நீ வேறு அறையில் இருந்து பேசுவாய். அவனுடைய வக்கீல் உன்னிடம் நேரடியாகக் கேள்வி கேட்க மாட்டார், நீதிபதிதான் கேட்பார். களைப்பாக இருந்தால் நடுவில் நிறுத்தச் சொல்லலாம். இந்தப் பதிலைத் தடுமாறாமல், ஒன்றைக்கூட மிகைப்படுத்தாமல், அந்தக் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்.